கிராட் பார்ட்டிக்காகக் கொல்லையைத் திருத்திய ஒன்பது வாரங்கள்

ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை காலை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். பின் எல்லைக்குப் பதினைந்து அடி இப்பால் இடது கால் கணுக்கால்வரை புதைந்தது. அதற்கு முந்தைய நான்கு நாளும் மழை இல்லை. ஜூன் மூன்றாம் சனிக்கிழமை மகளின் கிராட் பார்ட்டி, பள்ளிப் படிப்பை முடித்ததற்கான விருந்து. அதே இடத்தில்தான் கூடாரம் நிற்க வேண்டும், மேசை நாற்காலி போட வேண்டும், வருகிறவர்களுக்குச் சோறு போட வேண்டும். கையில் ஒன்பது வாரம் இருந்தது.

மிச்சிகனில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் இந்த விருந்தை வீட்டில் ‘ஓபன் ஹவுஸ்’ ஆக வைப்பது வழக்கம். நம் ஊர்ப் பந்தி போல எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்வதில்லை. மூன்று மணி முதல் எட்டு மணி வரை என்று அழைப்பில் போட்டுவிடுவார்கள். வருகிறவர் வருவார், சாப்பிடுவார், பிள்ளையைக் கட்டிப்பிடித்து வாழ்த்துவார், ஒரு மணி நேரத்தில் அடுத்த வீட்டு ஓபன் ஹவுஸுக்குக் கிளம்புவார். மே கடைசியிலிருந்து ஜூலை வரை சனி, ஞாயிறுகளில் இதே வேலைதான். அதனால் 150 பேரை அழைத்தாலும் 150 நாற்காலி தேவையில்லை. நான் 64 நாற்காலி போட்டேன். எந்த நேரத்திலும் ஒருவரும் தட்டோடு நின்றுகொண்டிருக்கவில்லை.

நாங்கள் இருப்பது டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டனில். வீடு 1996-இல் கட்டியது. மகளுக்கு நான்கு வயதாகும்போது வாங்கினோம். இந்தப் பக்கத்து நிலம் பனியுக முடிவில் பெரிய ஏரியாகக் கிடந்த இடம். தட்டையான தரை, அரை அடி மேல்மண்ணுக்குக் கீழே களிமண். தண்ணீர் உள்ளே இறங்காது, ஓடவும் சரிவு கிடையாது. கிராட் பார்ட்டிக்கு என்ன செய்யலாம் என்று தேடினால் பலூன் வளைவும் விளக்குச் சரமும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. என் ஒன்பது வாரத்தில் ஆறு வாரம் தரைக்குப் போனது. இன்னொரு முறை செய்தாலும் அப்படித்தான் செய்வேன்.

தண்ணீர்

முதலில் செய்தது தவறான வேலை. பள்ளமாக இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது என்று முடிவு கட்டி, இரண்டு கன கெஜம் மேல்மண் வரவழைத்துத் தள்ளுவண்டியில் அடித்து நிரவினேன். ஒரு முழு வார இறுதி போயிற்று. அடுத்த புதன்கிழமை பார்த்தால் புது மண் சேறாகிவிட்டது. ஈரம் பக்கத்தில் ஆறு அடி தள்ளிப் பரவியிருந்தது.

ஏப்ரல் கடைசியில் அம்மா ஊரிலிருந்து வந்தார். மன்னார்குடிப் பக்கம், வயலும் வாய்க்காலுமாகவே வாழ்ந்தவர். பேத்தி பள்ளிக்கூடம் முடிப்பதைப் பார்க்கத்தான் அந்தப் பயணம். வந்த மறுநாள் காலை காபியோடு டெக்கில், அதாவது வீட்டோடு ஒட்டிய மரத்தளத்தில், உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: “ஏம்பா, இங்க யாரு மோட்டார் போடுறா?”

“மோட்டாரெல்லாம் இல்லம்மா” என்றேன்.

“இல்ல, ஓடுது. இப்ப நின்னுச்சு. சித்த நேரம் கழிச்சு மறுபடி ஓடும், கேளு.”

இருபது நிமிடத்தில் ஓடியது. வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையான பேஸ்மென்ட்டில் இருக்கும் சம்ப் பம்ப்தான். வீட்டின் அஸ்திவாரத்தைச் சுற்றிப் புதைத்த வடிகுழாய்கள் நிலத்தடி நீரைக் கொண்டுவந்து பேஸ்மென்ட் மூலையிலுள்ள ஒரு குழியில் விடும். குழி நிறைந்ததும் பம்ப் தானாக ஓடி வெளியே தள்ளும். பனி உருகும் பருவத்தில் மழை இல்லாத நாளிலும் ஓடிக்கொண்டே இருக்கும். பதினான்கு வருடமாகக் கேட்டுப் பழகிப்போய் அந்தச் சத்தம் என் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. வீட்டின் பக்கச் சுவரில் ஒன்றரை அங்குலக் குழாய் வெளியே வந்து மூன்று அடி தள்ளி முடிகிறது. அங்கே கொட்டும் தண்ணீர் புல்லுக்கடியில் ஊர்ந்து நேராக அந்தப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

நான் மண் கொட்டிய கதையைச் சொன்னதும் அம்மா சொன்னார்: “வாய்க்கால வெட்டாம வயல ஒசத்துனா தண்ணி எங்கப்பா போவும்? பக்கத்து வயலுக்குத்தான் போவும்.”

எங்கள் வரிசை வீடுகளின் பின் எல்லை நெடுக ஆழமில்லாத ஒரு புல்வாய்க்கால் போகிறது. தெருமுனையில் இரும்புக் கம்பி மூடி போட்ட வடிகாலில் அது முடிகிறது. பம்ப் தண்ணீரைக் குழாய் வழியே அதில் விட்டுவிட்டால் தீர்ந்தது. அப்படி விடலாமா என்று முதலில் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பில் கேட்டுக்கொண்டேன். ஊருக்கு ஊர் விதி மாறும். அடுத்த வீட்டுக்காரர் நிலத்தில் போய் நிற்கும்படி எந்த ஊரிலும் விடக் கூடாது.

மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன் 811 என்ற தொலைபேசி எண்ணைக் கூப்பிட வேண்டும். மிச்சிகனில் இதற்கு மிஸ் டிக் என்று பெயர். காசு கிடையாது. மூன்று முழு வேலை நாள் முன்னதாகச் சொன்னால், நிலத்தடியில் எது எங்கே போகிறது என்று வண்ணச் சாயமும் சிறு கொடியும் வைத்துக் குறித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். எங்கள் கொல்லையில் ஆரஞ்சுக் கோடு ஒன்று குறுக்கே போனது. அந்த இடத்தில் மட்டும் கைக்கரண்டியால் சுரண்டியே தோண்டினோம். தரைக்கு ஐந்தே அங்குலத்தில் கேபிள் இருந்தது. பிற்பாடு நாமாகப் போட்ட தோட்ட விளக்குக் கம்பி, தெளிப்பான் குழாய் போன்றவற்றை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அது நம் பொறுப்பு.

சரிவைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. பம்ப் குழாய் முடியும் இடத்தில் ஒரு முளை, பின் வாய்க்கால் ஓரத்தில் ஒரு முளை, நடுவே நூல், நூலில் தொங்கும் சிறு ரசமட்டம். கார் ஆலையில் கருவிப் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் ரசமட்டத்தைக் கொடுத்து, நூலை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் காட்டினார். தளர்ந்த நூல் நடுவில் தொய்ந்து பொய் சொல்லும். 52 அடி தூரத்தில் தரைக்கும் வாய்க்கால் அடிக்கும் 20 அங்குல வித்தியாசம். நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால் 52 அடிக்கு ஆறேகால் அங்குலம் போதும். மிச்சமிருப்பது குழாயைப் புதைக்க. தொடக்கத்தில் 10 அங்குல ஆழம் வைத்து, எட்டு அடிக்கு ஓர் அங்குலம் வீதம் இறக்கிக்கொண்டே போனேன்.

இரண்டு சனிக்கிழமை தோண்டினோம். குறுகலான அலகுள்ள கால்வாய் மண்வெட்டி வைத்திருந்தது நல்லதாயிற்று. களிமண் அலகில் அப்பிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து ஐந்து வெட்டுக்கு ஒருமுறை முக்கி எடுத்தால் விடும். மேலே இருந்த புல்லைத் திண்டு திண்டாகச் சீவி நிழலில் அடுக்கித் தண்ணீர் தெளித்து வைத்தோம். மகள் பரீட்சைக்குப் படித்துவிட்டு மாலையில் வந்து ஒரு மணி நேரம் தோண்டுவாள். அப்பாயி டெக்கிலிருந்தே “அங்க மேடு தட்டுது பாரு குட்டி” என்பார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் மேடாகத்தான் இருந்தது.

நான்கு அங்குல பிவிசி குழாய், உட்புறம் வழுவழுப்பாக இருப்பது. வளையும் நெளிகுழாய் மலிவு, போடுவதும் சுலபம். ஆனால் இவ்வளவு குறைந்த சரிவில் அதன் மடிப்புகளில் வண்டல் தங்கும். குழாய், முழங்கை இணைப்பு, மூடி எல்லாம் சேர்த்து 150 டாலருக்குள் முடிந்தது. வாய்க்கால் பக்கம் முனையைச் சரிவாக அறுத்து, எலி புகாமல் வலைமூடி போட்டேன். தொடக்க முனையில்தான் கவனம் வேண்டும். பம்ப்பின் குழாயைப் புதைத்த குழாயோடு இறுக்கி ஒட்டிவிடக் கூடாது. ஜனவரியில் வாய்க்கால் முனை உறைந்து அடைத்துக்கொண்டால் பம்ப் தள்ளிய தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது, பேஸ்மென்ட் நிறையும். அகலக் குழாய் வாய்க்குள் குறுகல் குழாய் இடைவெளியோடு கொட்டும்படி விட்டேன். முன்னே அடைத்தால் பின்னே வழிந்து வெளியேறிவிடும்.

குழாய் போட்ட எட்டாம் நாள் சாதாரணச் செருப்போடு அந்தப் பள்ளத்தில் நடந்தேன். முதலில் கொட்டிய மேல்மண் அப்போதுதான் பயன்பட்டது.

புல்

மே பாதி ஆகிவிட்டது. ஐந்து வாரத்தில் கால் வைக்கும் அளவுக்குப் புல் வர வேண்டும். இங்கே நன்றாக நிலைக்கும் கென்டகி புளூகிராஸ் முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். பெரெனியல் ரைகிராஸ் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். விருந்துக்கு ரைகிராஸ், புளூகிராஸைச் செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஆயிரம் சதுர அடிக்கு ஆறு பவுண்டு கணக்கில் தூவி, வாரியைக் கவிழ்த்து மெல்ல இழுத்து, மேலே வைக்கோல்தூள் போட்டேன். காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரலில் ஃபோர்சித்தியா செடி மஞ்சளாகப் பூக்கும் சமயத்தில் களைப்புல் முளைக்காமலிருக்க மருந்து போடுவது இங்கே வழக்கம். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை நாம் தூவும் விதையையும் முளைக்கவிடாது. விருந்துக்காகப் புதுப்புல் வளர்க்க நினைக்கும் இடத்தில் அந்த வசந்தத்தில் அதைப் போடாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் போடுகிற நான் இந்த முறை பையைத் தொடவில்லை.

ஏழாம் நாள் பச்சை தெரிந்தது. ஜூன் தொடக்கத்தில் முதல் வெட்டு. கத்தியைப் புதிதாகத் தீட்டி, மூன்றரை அங்குல உயரம் விட்டு. மழுங்கிய கத்தி இளம்புல்லை வேரோடு பிடுங்கிவிடும்.

கொல்லை நடுவில் ஒரு பழைய அடிமரம் உண்டு. ஆஷ் மரம். அந்த இனத்தை அழிக்கும் மரகதப் பச்சை வண்டு வட அமெரிக்காவில் முதன்முதலாக 2002-இல் டெட்ராய்ட் பகுதியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் தெருவில் ஆஷ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாங்கள் வரும் முன்பே இதையும் வெட்டியிருந்தார்கள். பட்டை உரிந்த இடத்தில் வண்டு வெளியேறிய ‘D’ வடிவ ஓட்டைகள் இன்னும் தெரியும். இயந்திரம் வாடகைக்கு எடுத்து அரைத்துவிடலாம் என்றிருந்தேன். மகள் வேண்டாம் என்றாள். நான்கு வயதில் அதன் மேல் ஏறி நின்று பாட்டுப் பாடியவள். கூடாரத்தை எட்டு அடி தள்ளி வைத்தால் போதும் என்று தெரிந்ததும் நானும் விட்டுவிட்டேன். மேற்பரப்பைத் தேய்த்து எண்ணெய் பூசி, வாழ்த்து அட்டைப் பெட்டியை அதன் மேல் வைத்தோம். யாரும் இருட்டில் தடுக்கிக்கொள்ளாமல் சுற்றிலும் நான்கு பூத்தொட்டி.

டெக்

டெக்கை முதலில் பார்த்திருக்க வேண்டும். மே நடுவில்தான் பார்த்தேன். படிக்குப் பக்கத்தில் மூன்று பலகை இற்றுப்போயிருந்தது. ஸ்குரூடிரைவர் முனை அழுத்தாமலே உள்ளே போனது. அதை மாற்றிவிட்டு மேலே வேலை முடிந்தது என்று நினைத்தவனைப் பக்கத்து வீட்டுப் பெரியவர், “கீழே படுத்துப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

டார்ச்சோடு கீழே படுத்தேன். டெக்கை வீட்டோடு பிணைக்கும் நீளப் பலகைக்கு லெட்ஜர் என்று பெயர். எங்கள் டெக்கில் அது வெறும் ஆணிகளால் அடிக்கப்பட்டிருந்தது. ஒரு போல்ட்கூட இல்லை. டெக்குகள் ஆட்களோடு சரிந்து விழும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இணைப்புதான். ஆணி நேர் எடையைத் தாங்கும். டெக் வெளிப்பக்கம் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எங்களுடையது 12-க்கு 16 அடி, 192 சதுர அடி. சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மொத்தம் 7,680 பவுண்டு. ஆளுக்கு 160 பவுண்டு என்றால் 48 பேர். குரூப் போட்டோ என்றால் நாற்பது பேர் டெக்கில்தான் ஏறுவார்கள். பதினான்கு வருடம் பிறந்தநாளும் தீபாவளியும் அந்த ஆணிகளின் மேல் நடந்திருக்கின்றன என்று நினைத்தபோது கை நடுங்கியது.

பேஸ்மென்ட் உள்ளேயிருந்து வீட்டின் விளிம்புச் சட்டத்தைக் குத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. அது இற்றிருந்தால் நானே கைவைத்திருக்க மாட்டேன், ஆள் கூப்பிட்டிருப்பேன். லெட்ஜருக்கென்றே விற்கும் தடித்த திருகாணிகளைப் பெட்டியிலிருந்த அட்டவணைப்படி மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இறக்கினேன். குறுக்குச் சட்டங்களைத் தாங்கும் உலோகக் கொக்கிகளில் பாதித் துளைகளில் ஆணியே இல்லை, எல்லாவற்றையும் நிரப்பினேன். ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிக் கம்பத்துக்கு அரை அங்குல போல்ட் இரண்டு. அம்மா படியிறங்கும்போது தன் முழு எடையையும் சாய்ப்பது அந்தக் கம்பத்தில்தான்.

பழைய பலகையைப் பற்றி ஒன்று. 2003 முடிவு வரை வீடுகளுக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். எங்கள் டெக் அந்தக் காலத்தது. அதை இழைத்துத் தூள் பறக்கவிடக் கூடாது, அடுப்பிலோ தீக்குழியிலோ எரிக்கவே கூடாது. முகமூடியும் கையுறையும் போட்டுக் கழற்றி, மகள் நண்பர்கள் சாயங்காலம் மூட்டும் விறகோடு கலந்துவிடாமல் உடனே அப்புறப்படுத்தினேன். இப்போது வரும் மரத்தில் செம்பு அதிகம். சாதாரண ஆணியை அரித்துவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி, இல்லையென்றால் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்தான் போட வேண்டும். புதுப் பலகை ஈரமாகவே வரும். சாயம் பூசினால் குடிக்காது. தண்ணீர்த் துளி விட்டால் மரம் உறிஞ்ச வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். மூன்று பலகையும் விருந்தன்று வேறு நிறமாகவே இருந்தன. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

கூடாரம், மின்சாரம், அடுப்பு

கூடாரம் வாடகைக்கு 20-க்கு 40 அடி. நடுவில் கம்பம் நிற்கும் வகையும் உண்டு, சட்டம் மட்டும் உள்ள வகையும் உண்டு. நடுக்கம்ப வகைக்குக் கயிறு இழுத்துக் கட்ட நாலாபுறமும் கூடுதலாக ஐந்தாறு அடி வேண்டும். அடிமரம் இருந்ததால் நாங்கள் சட்டக் கூடாரம் எடுத்தோம். அதற்கும் நீள இரும்பு முளைகள் மண்ணில் அடிப்பார்கள் என்பதால் மறுபடியும் 811. பழைய கொடிகள் அதற்குள் பிடுங்கி எறியப்பட்டிருந்தன. காற்று பலத்தால், இடி கேட்டால் கூடாரத்துக்குள் யாரையும் வைத்திருக்கக் கூடாது. அதற்காகக் கராஜை முழுவதும் காலி செய்து கழுவி வைத்தோம்.

மேசையும் நாற்காலியும் வாடகைக்கு எடுக்கவில்லை. மகளோடு படித்த இன்னும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டோடு சேர்ந்து வாங்கினோம். மூன்று வீட்டு விருந்தும் மூன்று வெவ்வேறு சனிக்கிழமை. மேசைகள் ஒரு வீட்டில் முடிந்து மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கள் வீடு இரண்டாவது.

மின்சாரத்தில் தடுமாறினேன். விருந்துக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். டீத் தண்ணீர் கொதிக்கும் பெரிய அர்ன் 1,500 வாட், சாம்பாருக்கும் பாலுக்கும் ஸ்லோ குக்கர் இரண்டு சேர்த்து 600, மின்விசிறி இரண்டு 200. பத்தே நிமிடத்தில் எல்லாம் அணைந்தது. கணக்குப் போட்டால் தெரிந்திருக்கும்: 15 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் 1,800 வாட்தான், மணிக்கணக்காக ஓடுகிறவற்றுக்கு அதில் எண்பது சதவீதம், அதாவது 1,440. டெக்கில் இருப்பது, படிக்கட்டில் இருப்பது, கராஜ் சுவரில் இருப்பது என்று மூன்று இடத்தில் பிளக் இருந்தாலும் மூன்றும் ஒரே சர்க்யூட்.

பிரேக்கரைத் தூக்கிவிட்டும் டெக் பிளக் உயிர் பெறவில்லை. ஒரு மணி நேரம் தேடினேன். வெளிப் பிளக்குகளில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஜிஎஃப்சிஐயின் பொத்தான் கராஜில் பெயின்ட் டப்பா அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அதை அழுத்தியதும் எல்லாம் வந்தது. விருந்தன்று இது நடந்திருந்தால் ஐம்பது பேருக்கு நடுவில் அலமாரியை நகர்த்திக்கொண்டிருப்பேன். அலமாரியை அன்றே இடம் மாற்றினேன். சமையலறையின் 20 ஆம்பியர் சர்க்யூட்டிலிருந்து ஜன்னல் வழியாக 12 கேஜ் தடிமனுள்ள வெளிப்புற வயர் இழுத்து, அர்னை அதில் தனியாகப் போட்டேன். மெல்லிய வயரில் அந்தச் சுமையை ஏற்றினால் வயர் சூடாகும்.

விளக்குச் சரம் மகளின் ஆசை. கம்பம் நட மறுபடி குழி தோண்ட வேண்டாம் என்று, ஐந்து கேலன் வாளியில் கம்பத்தை நிறுத்தி கான்கிரீட் ஊற்றினேன். 80 பவுண்டு மூட்டை ஒன்று ஏறக்குறைய ஒரு வாளியை நிரப்பும். 24 எல்இடி பல்பும் சேர்த்து 48 வாட்தான். ஜூனில் இங்கே சூரியன் மறையவே ஒன்பது மணி தாண்டும். பெரியவர்கள் எல்லாம் போன பிறகு பிள்ளைகள் மட்டும் அந்த வெளிச்சத்தில் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

கொசுவுக்கு மருந்து அடிக்கவில்லை. தண்ணீர் நின்ற இடம் போனதே பாதி வேலை. கூரைத் தகரவாய்க்காலில் மட்கிய இலையை அள்ளினேன். மழைநீர்ப் பீப்பாயில் பிடிஐ என்ற பாக்டீரியா கலந்த வில்லையைப் போட்டேன். அது கொசுப்புழுவைக் கொல்லும், பறவைக்கும் நாய்க்கும் கெடுதல் இல்லை. கூடாரத்தின் இரு முனையிலும் மின்விசிறி. கொசு காற்றை எதிர்த்துப் பறக்கும் சக்தியில்லாதது.

பிரியாணியை வெளியில் சொல்லித் தட்டுத் தட்டாக வரவழைத்தோம். தோசை மட்டும் சுடச்சுட அங்கேயே. 36 அங்குலத் தட்டைக்கல், கீழே நான்கு பர்னர், புரொபேன் சிலிண்டர். காற்று பர்னரை ஒரு பக்கம் சாய்த்ததால் முதல் ஒத்திகையில் இடப்பக்கம் கருகியது, வலப்பக்கம் வேகவில்லை. கராஜ் சுவர் காற்றை மறைக்கும்படி, சுவரிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் பத்து அடி தள்ளி வைத்ததும் சரியாயிற்று. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. இரும்புக்கல் அளவுக்கு மேல் சூடேறினால் மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிடும்; தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் துடைத்து, அப்புறம் மாவு. அம்மா அதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே மகளின் நண்பர்கள் மூவருக்குக் கற்றுக்கொடுத்தார். ஒருவருக்கும் மற்றவர் மொழி தெரியாது. ஐந்து மணிக்கு மேல் அந்தப் பையன்கள்தான் தோசை வார்த்தார்கள்.

மழலைப் பள்ளி முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு ஒரு படமாகக் கராஜ் சுவரில் ஒட்டியதும், பள்ளி நிறத்தில் துணி விரித்ததும் என் மனைவியும் மகளும் இரண்டு மாலையில் முடித்துவிட்டார்கள். பின்கதவுக்கு வெளியே செருப்பு அலமாரி ஒன்று வைத்தது நல்ல யோசனை. கழிப்பறைக்குப் போகிற நம் ஆட்கள் எல்லோரும் அங்கே கழற்றுவார்கள். இல்லையென்றால் வாசலில் முப்பது ஜோடி குவிந்து யாராவது இடறுவார்கள்.

விருந்துக்கு இரண்டு நாள் முன், வியாழன் இரவு கொட்டித் தீர்த்தது. மழைமானியில் ஓர் அங்குலத்துக்கு மேல். ஐந்து மணிக்கே எழுந்து குடையோடு பின் எல்லைக்கு ஓடினேன். குழாய் வாயிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா டெக்கில் நின்றுகொண்டிருந்தார், புது போல்ட் போட்ட கம்பத்தைப் பிடித்தபடி. “ஓடுதாப்பா?” என்றார். “ஓடுதும்மா.” சனிக்கிழமை காலை அவர் கான்கிரீட் திண்ணையில் படிக்கோலம் போட்டார். கார் நிறுத்தும் இடத்திலிருந்து கூடாரத்து நாற்காலி வரை, காய்ந்த தரையில், யார் கையையும் பிடிக்காமல் நடந்து போய் உட்கார்ந்தார்.

ஞாயிறு காலை மேசைகளை அடுத்த வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். திங்களன்று கூடாரத்தைப் பிரித்தார்கள். நடைபாதை போல மிதிபட்ட இடங்களில் ரைகிராஸ் மஞ்சளாகப் படுத்துக் கிடக்கிறது. கூடார முளை அடித்த துளைகளில் மண் போட்டு மூடிவிட்டேன். புளூகிராஸ் தூவ இங்கே சரியான பருவம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. மகள் அதற்குள் ஆன் ஆர்பரில் கல்லூரி விடுதிக்குப் போயிருப்பாள். ஐந்து பவுண்டு விதைப் பை கராஜில், இடம் மாற்றிய அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.